படைக்கலத் தொழிற்சாலைகளும் ‘விபத்து’ என்னும் பொய்யும்

துப்பாக்கியைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அதனால் எழுந்த அரசுகள், வீழ்ந்த அரசுகள், அதனை ஏந்திய வீரர், அதற்கு இரையான மக்கள் என அதன் வரலாறு விரிந்து செல்லும். எனினும் அவ்வரலாறு பெரும்பாலும் துப்பாக்கியின் முன்முனையைப் பற்றிய வரலாறாகவே இருந்துவந்துள்ளது. குழலிலிருந்து குண்டு வெளியேறிய பின்னர் நிகழ்ந்தவையே கணக்கில் எடுக்கப்படுகின்றன. அக்குழலைத் துளைத்தவர், கடைந்தவர், மெருகிட்டவர், தோட்டாவுக்கு மருந்து நிரப்பியவர், சுட்டுச் சோதித்தவர் ஆகியோரின் கண்ணும் காதும் நுரையீரலும் குருதியும் எந்தப் போரின் சேதப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. எங்கேனும் குறிப்பிட நேர்ந்தால் அவற்றுக்கென ஒரு தனிப்பெயர் வைக்கப்பட்டுள்ளது. ‘விபத்து’ என்பதே அப்பெயர். யாருடைய விருப்பமுமின்றி, யாருடைய பொறுப்புமின்றி, வானத்திலிருந்து இடி விழுந்தாற்போல நிகழ்ந்தது என்பது அதன் உட்பொருள். படைக்கலத் தொழிற்சாலைகளைப் பொறுத்தவரை அப்பெயர் ஒரு பொய் என்பதே இங்கு நிறுவப்படவுள்ளது.

1862ஆம் ஆண்டு செப்ரெம்பர் 17ஆம் திகதியை அமெரிக்க உள்நாட்டுப் போரின் மிகக் கொடிய நாளாக வரலாற்று நூல்கள் குறிக்கும். அன்ரீற்றம் என்னுமிடத்தில் அந்த ஒரு நாளில் ஏறத்தாழ 23,000 போர்வீரர் இறந்தும் காயமுற்றும் காணாமற்போயும் ஒழிந்தனர். அதே நாள் பிற்பகலில், பிற்ஸ்பேர்க் நகரை அடுத்திருந்த அலெகெனிப் படைக்கலசாலையில், துப்பாக்கித் தோட்டாக்களைச் சுற்றி மருந்திட்டுக் கட்டும் கூடம் வெடித்துச் சிதறியது. 78 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் இளம்பெண்கள். சிறுமியர் என்றே சொல்லத்தக்க வயதினரும் அவரிடையே இருந்தனர். அன்ரீற்றத்தின் இரைச்சலில் இவர்களின் சாவு அமிழ்ந்துபோயிற்று.

இப்பெண்கள் அவ்வேலைக்கு வந்த வரலாறே கவனிக்கத்தக்கது. அவர்களுக்கு முன்னர் அக்கூடத்தில் சிறுவர் பலர் வேலைசெய்தனர். சிறுவர்கள் தீக்குச்சிகளைக் கொண்டுவருகின்றனர், கவலையீனமானவர்கள் எனக் காரணங் காட்டி 1861இல் நிருவாகம் அவர்களை நீக்கியது. பணிவும் அவதானமும் மிக்கோர் எனப் பெண்கள் அமர்த்தப்பட்டனர். அதாவது, ஆபத்து தொழிலாளியின் சட்டைப்பையில் இருக்கின்றது என்பது நிருவாகத்தின் முடிபு. சட்டைப்பைகள் சோதிக்கப்பட்டன, ஒழுக்கம் நிலைநாட்டப்பட்டது. ஆனால் கூடத்தின் வாசலோடு சென்ற பாதையோ கல் பாவிய பாதை. அப்பாதையால் வெடிமருந்துப் பீப்பாக்களை ஏற்றிய வண்டிகள் வந்துபோயின. திரும்பத் திரும்பப் பயன்படுத்தப்பட்ட பீப்பாக்கள் சில கசிந்தன. கசிந்த மருந்து கற்களின் இடுக்குகளிற் படிந்தது. வண்டிச் சில்லின் இரும்புப் பட்டமோ குதிரையின் இலாடமோ கல்லில் உரசிய தீப்பொறி அம்மருந்தைப் பற்றவைத்தது என்பதே விசாரணையிற் சாட்சியமளித்தோர் தந்த விளக்கங்களுள் வலுவானதாகக் கொள்ளப்படுகின்றது. சிறுவர்களின் தீக்குச்சியன்று, நிருவாகம் பாவிய கல்லே கூடத்தை எரித்தது. அக்காலப் பெண்கள் அணிந்த வளையப் பாவாடைகள் தீயை விரைந்து பற்றிக்கொண்டன. இறந்தோர் பலரின் உடல்களை உற்றாராலும் அடையாளங் காண இயலவில்லை. அவர்கள் ஒரே குழியிற் புதைக்கப்பட்டனர்.

இதன் பின்னர் நிகழ்ந்ததுதான் வெடிப்பினும் கூடுதலான பாடத்தைத் தருவது. மரண விசாரணையில் அமர்ந்த யூரிமார், படைக்கலசாலையின் தளபதியும் அவருக்குக் கீழிருந்த அலுவலரும் கவலையீனமாக நடந்தனர் எனத் தீர்ப்பளித்தனர். ஊரவர் அளித்த தீர்ப்பு அது. அடுத்து இராணுவம் தானாகவே ஒரு விசாரணை நடத்திற்று. தளபதிமீது குற்றமில்லை என அது முடிவு செய்தது. ஒரே சாம்பலை இரு தரப்பினர் பார்த்தனர். ஒரு தரப்பினர் கவலையீனத்தைக் கண்டனர், மறு தரப்பினர் விபத்தைக் கண்டனர். பார்த்தோரின் கண்களில் வேறுபாடு இல்லை. அவர்கள் யாருக்குக் கடமைப்பட்டிருந்தனர் என்பதிலேயே வேறுபாடு இருந்தது.

இரண்டாண்டுகள் கூடச் செல்லவில்லை. 1864 யூன் 17இல் வாஷிங்டன் படைக்கலசாலையில் அதே வகைக் கூடத்தில் தோட்டா கட்டிக்கொண்டிருந்த 21 பெண்கள் எரிந்து மாண்டனர். வாணவேடிக்கைக்கான மருந்துருண்டைகளை உலோகத் தட்டுகளில் இட்டு, கோடை வெயிலில், கூடத்தின் அருகே உலரவைத்தவர் அங்கிருந்த மேற்பார்வையாளர். அவை வெயிலிற் சூடேறிப் பற்றின. சவ ஊர்வலத்தில் சனாதிபதி லிங்கனே கலந்துகொண்டார், நினைவுத்தூணும் எழுப்பப்பட்டது. துக்கம் அனுட்டிப்பதில் அரசுகள் என்றும் குறைவைப்பதில்லை.

‘தொழிலாளியின் கவலையீனம்’ என்னும் கொள்கைக்கு இருபதாம் நூற்றாண்டில் ஒரு விஞ்ஞானப் பூச்சும் கிடைத்தது. அமெரிக்கக் காப்புறுதிக் கம்பனியொன்றில் பணியாற்றிய ஹைன்றிச் என்பவர் 1931இல் வெளியிட்ட நூலில், தொழிற்சாலை விபத்துகளில் நூற்றுக்கு 88 தொழிலாளரின் பாதுகாப்பற்ற செயல்களாலும், 10 பாதுகாப்பற்ற நிலைமைகளாலும், எஞ்சிய 2 தவிர்க்கவியலாத காரணங்களாலும் நிகழ்கின்றன எனக் கணக்கிட்டார். இவ்வெண்கள் பல பத்தாண்டுகளாகப் பாதுகாப்பு அலுவலரின் வேதமாக ஓதப்பட்டன. இவை எங்கிருந்து பெறப்பட்டன? காப்புறுதிக் கோரிக்கைக் கோவைகளிலிருந்தும் தொழிற்சாலை உரிமையாளரின் பதிவேடுகளிலிருந்தும் பெறப்பட்டன. அப்பதிவேடுகளை எழுதியோர் மேற்பார்வையாளர்கள். அலெகெனியில் கல் பாவிய பாதையைப் பற்றி அதன் மேற்பார்வையாளர் தம் ஏட்டில் எவ்வாறு எழுதியிருப்பாரோ அவ்வாறு எழுதப்பட்ட ஏடுகளைக் கூட்டிக் கழித்தே 88 என்னும் எண் பெறப்பட்டது. வழக்கில் எதிராளியே நீதிபதியாகவும் அமர்ந்து எழுதிய தீர்ப்பை விஞ்ஞானம் என்பது விந்தை.

இதற்கு மாறான சான்றும் உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. ஏங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றிய நூலில் ஷெபீல்ட் நகரின் சாணை பிடிப்போரைப் பற்றி எழுதியுள்ளார். உலர்ந்த கல்லிற் சாணை பிடிப்போரின் சராசரி ஆயுள் 35ஐ எட்டுவதே அரிது என்றும், நனைந்த கல்லிற் பிடிப்போருள் 45ஐத் தாண்டுவோர் சிலரே என்றும் அந்நகர மருத்துவர் ஒருவரை ஆதாரமாகக் கொண்டு கூறுகின்றார். கத்திக்கும் முள்ளுக்கும் சாணை பிடித்தோரைப் பற்றியது இது. ஆயினும் துப்பாக்கிக் குழலையும் துப்பாக்கி முனைக் கத்தியையும் கல்லில் தேய்த்தோர் சுவாசித்ததும் இதே இரும்புத் தூளும் கற்றூளுமேயாகும். இத்தூளை அகற்றும் கருவிகள் பொருத்தப்பட்டபோது தொழிலாளர் சிலர் அவற்றை உடைத்தெறிந்தனர் என்றும் அவரே எழுதுகின்றார். கவலையீனக் கொள்கையினர் இதனைக் கண்டு மகிழக்கூடும். ஆனால் உடைத்ததற்கான காரணத்தையும் ஏங்கெல்ஸ் அங்கேயே தருகின்றார். தொழில் ஆபத்தற்றதாயின் அதற்கு ஆட்கள் பெருகுவர், கூலி குறையும் என்பதே அவர்களின் அச்சம். நுரையீரலைக் கொடுத்தாலன்றி வயிற்றை நிரப்பவியலாத ஒரு பேரத்தில் மாட்டிக்கொண்டவன் நுரையீரலைத் தெரிந்து கொடுக்கின்றான். அத்தெரிவைக் கவலையீனம் என்போர் பேரத்தின் மறுபக்கத்தில் இருந்தவரைப் பற்றிப் பேசுவதேயில்லை.

வெடிப்பு கண்ணுக்குத் தெரியும், நஞ்சு அவ்வாறன்று. முதலாம் உலகப்போரின்போது பிரித்தானியாவில் எறிகணைகளுக்கு ரீ. என். ரீ. நிரப்பிய பெண்களின் தோலும் தலைமயிரும் மஞ்சளாயின. ஊரார் அவர்களைக் ‘கனேரிப் பறவைகள்’ எனச் செல்லமாக அழைத்தனர். அச்செல்லப் பெயருக்குள் ஈரல் அழிந்து மஞ்சட்காமாலையால் இறந்தோரும் அடங்குவர். தொழிற்சாலைகளில் கடமையாற்றிய இரு பெண் மருத்துவர்கள் இந்நஞ்சின் விளைவுகளை விரிவாக ஆராய்ந்து 1916இல் இலண்டன் மருத்துவ ஏடொன்றில் வெளியிட்டனர். அவ்வாண்டின் தொடக்கத்திலிருந்து இந்நோய் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாகவும் ஆக்கப்பட்டது. 1916இல் 181 பேருக்கு நோய் கண்டு 52 பேர் இறந்தனர். 1917இல் 189 பேருக்கு நோய், 44 பேர் இறப்பு. 1918இல் 34 பேருக்கு நோய், 10 பேர் இறப்பு.

இவ்வெண்களைச் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். 1918இல் ரீ. என். ரீ. தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பெண்களும் திடீரென அவதானமுடையோராகிவிடவில்லை. போரும் முடிந்திருக்கவில்லை, அவ்வாண்டு நவம்பர்வரை நீடித்தது. மாறியவை ஏற்பாடுகளேயாகும்: தூளையும் ஆவியையும் உறிஞ்சி அகற்றும் வளியோட்டம், தோலிற் படாதவாறு நிரப்பும் முறை, கிரமமான மருத்துவப் பரிசோதனை, நஞ்சுள்ள வேலையிலிருந்து நஞ்சற்ற வேலைக்கு முறைவைத்து மாற்றுதல். இவற்றுள் எதுவும் 1915இற் கண்டுபிடிக்க முடியாத மறைபொருளன்று. அவ்வாறாயின் இடையில் இறந்த நூறளவானோர் எதனால் இறந்தனர்? நஞ்சால் இறந்தனர் என்பது மருத்துவ விடை. தாமதத்தால் இறந்தனர் என்பது அரசியல் விடை.

விருப்பமில்லாதோர் வேலையை விட்டுச் சென்றிருக்கலாமே என்பர் சிலர். 1915ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தை அவர்கள் வாசித்தல் நன்று. அச்சட்டம் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்தது. முதலாளியின் விடுகைச் சான்றிதழின்றி வெளியேறிய ஒருவரை ஆறு வாரங்களுக்கு வேறெந்த முதலாளியும் வேலைக்கு எடுக்கலாகாது எனவும் விதித்தது. ஆறு வாரம் பட்டினி கிடக்கும் சுதந்திரம் அப்பெண்களுக்கு இருந்தது உண்மையே. இவ்விடுகைச் சான்றிதழ் முறை 1917இல் ஒழிக்கப்பட்டதும் தொழிலாளரின் எதிர்ப்பாலேயன்றி எவரது கருணையாலும் அன்று.

இந்த இடத்தில் எதிர்வாதிகள் தம் இறுதி ஆயுதமாகிய ‘தேசத்தின் தேவை’யை எடுப்பர். போர்க்காலத்தில் உற்பத்தியே முதன்மையானது, சில உயிரிழப்புகள் தவிர்க்கவியலாதவை என்பது அவர்களின் கூற்று. உயிரிழப்பு தேசத்துக்காயின், தேசத்துக்கு அதனை அறியும் உரிமையும் உண்டல்லவா? 1916 டிசெம்பர் 5இல் லீட்ஸ் நகரருகே பார்ன்போ எறிகணை நிரப்பும் தொழிற்சாலையில் 35 பெண்கள் வெடித்து இறந்தபோது தணிக்கை காரணமாகச் செய்தித்தாள்கள் அந்நிகழ்ச்சியை வெளியிடவில்லை. குடும்பத்தார் வெளியிட்ட மரண அறிவித்தல்களில் ‘விபத்தில் இறந்தார்’ என்று மட்டும் காணப்பட்டது. அடுத்த மாதம், 1917 சனவரி 19இல், கிழக்கு இலண்டனின் சில்வர்ரவுண் பகுதியில் ஏறத்தாழ 50 தொன் ரீ. என். ரீ. வெடித்து 73 பேர் இறந்தனர். மக்கள் நெருங்கி வாழும் அவ்விடத்தில் ரீ. என். ரீ. சுத்திகரிப்பது ஆபத்தானது எனத் தொழிற்சாலை உரிமையாளரே முன்னர் தயங்கியிருந்தனர். அரசே அதனை வற்புறுத்தித் தொடங்குவித்தது. இவ்வெடிப்புப் பற்றிய அரச விசாரணை அறிக்கை 1950கள்வரை மக்களின் பார்வைக்கு வரவில்லை. 1918 யூலை 1இல் சில்வெல் தொழிற்சாலையில் 134 பேர் இறந்தனர். அவருள் 32 பேரின் உடல்களே அடையாளங் காணக்கூடியனவாய் இருந்தன. தேசத்தின் பெயரால் உயிரை வாங்கி, அத்தேசத்திடமிருந்தே அவ்வுயிரின் கணக்கை மறைப்பது தியாகம் எனப்படுமாயின் அச்சொல்லுக்கு வேறொரு பொருள் தேடவேண்டியிருக்கும்.

சமாதான காலத்திலும் இதே தருக்கம் தொடர்கின்றது. மசாசூசெற்ஸ் மாநிலத்தின் வோட்டர்ரவுண் படைக்கலசாலையில் பிரெடெரிக் ரெயிலரின் ‘விஞ்ஞான முகாமை’ புகுத்தப்பட்டு, வார்ப்பாளர்களின் ஒவ்வோர் அசைவும் நிறுத்தற்கடிகாரத்தால் அளக்கப்பட்டபோது, 1911 ஓகஸ்றில் அவர்கள் வேலையை விட்டு வெளியேறினர். உருகிய உலோகத்தோடு தொழில் செய்பவனுக்கு விரைவு எத்தகைய பொருளுடையது என்பதைக் கடிகாரம் பிடித்தவர் அறிந்திருக்க நியாயமில்லை. அவ்வெதிர்ப்பின் விளைவாகப் பாராளுமன்ற விசாரணை நடைபெற்று, 1915இல் படைச் செலவினச் சட்டத்தின் மூலம் அரச படைக்கலசாலைகளில் நிறுத்தற்கடிகாரத்தின் பயன்பாடு தடுக்கப்பட்டது. கூட்டாக மறுத்தோர் பெற்ற பலன் இது. நூறாண்டுகளுக்குப் பின்னர் இந்தியாவில் நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறானது. இச்சாப்பூர் முதல் திருச்சிராப்பள்ளி, அருவங்காடு வரை பரந்திருந்த அரச படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு கம்பனிகளாகப் பிரிக்க அரசு முனைந்தபோது தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தமாயின. 2021 யூன் மாதத்தில் அவசரச் சட்டமொன்றும் ஓகஸ்றில் அதற்கான சட்டமும் வந்தன. பாதுகாப்புத் தொழிற்சாலைகளில் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யும் அதிகாரத்தை அரசுக்கு அளித்த அச்சட்டம், தடையை மீறிப் பங்குகொள்வோருக்கு ஓராண்டுவரையும் தூண்டுவோருக்கு இரண்டாண்டுவரையும் சிறை விதித்தது. அச்சட்டத்தின் ஆயுள் ஓராண்டே. ஆனால் ஒக்ரோபர் 1இல் கம்பனிகள் பிறப்பதற்கு அவ்வோராண்டு போதுமானதாயிற்று. பாதுகாப்பற்ற கூடத்துக்குள் நுழைய மறுப்பதும் வேலைநிறுத்தமே. 2025 சனவரி 24இல் மகாராஷ்டிரத்தின் பண்டாரா படைக்கலத் தொழிற்சாலையில் வெடிப்பு நிகழ்ந்து எட்டுப் பேர் இறந்தபோது வெளிவந்த அனுதாபச் செய்திகளில் இத்தொடர்பைச் சுட்டியவர் அரிது.

இன்றைய துப்பாக்கித் தொழிற்சாலை முன்னையதிலும் துப்புரவாகத் தோன்றும். அதன் காயங்கள் மேலும் அமைதியானவை. குழலுக்கு நீலக்கறுப்பு நிறமூட்டும் தொட்டியில் சோடியம் ஐதரொட்சைட்டும் நைத்திரேற்றும் கலந்த கரைசல் ஏறத்தாழ 140 பாகை செல்சியசில் கொதிக்கின்றது. அதனுட் தவறுதலாகச் சிறிது நீர் விழுந்தாலும் அது பொங்கித் தெறிக்கும். குழலின் உட்புறத்துக்குக் குரோமியம் பூசும் தொட்டியின் ஆவி நுரையீரற் புற்றுநோயை உண்டாக்கவல்லது. கைபிடியை வாதுமை மரத்தில் இழைப்பவர் சுவாசிக்கும் மரத்தூளும் புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் உள்ளது. சுட்டுச் சோதிப்பவரின் காதருகே ஒவ்வொரு வெடியும் 140 தெசிபெல்லைத் தாண்டுகின்றது. அவர் ஒரு நாளிற் கேட்கும் வெடிகளைப் போர்வீரன் ஒருவன் பல நாள் கேட்கமாட்டான். ஆயினும் முன்னாட் படைவீரனின் செவிட்டுக்கு ஓய்வூதியம் உண்டு.

ஈயத்தின் கதையோ சட்டத்தின் கதை. தோட்டாவின் குண்டிலும் அதனைப் பற்றவைக்கும் மூடியிலும் ஈயம் உண்டு. வார்க்கும்போதும் சுடும்போதும் அது தூளும் ஆவியுமாகிக் குருதியிற் கலக்கின்றது. ஐக்கிய அமெரிக்காவின் 1978ஆம் ஆண்டு விதிப்படி, தொழிலாளியின் குருதியில் ஈயம் சராசரியாகத் தெசிலீற்றருக்கு 50 மைக்கிரோகிராமை எட்டினாலே அவரை அவ்வேலையிலிருந்து அகற்றுதல் கட்டாயம். 40இற்குக் குறைந்ததும் மீண்டும் அழைக்கலாம். அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் 2021 முதல் வளர்ந்தோருக்கு 3.5இனையே உயர்ந்த அளவெனக் கணிக்கின்றனர். ஒரே நாட்டின் இரு திணைக்களங்களுக்கிடையே பதினான்கு மடங்கு வேறுபாடு! மருத்துவர் நோயெனக் காண்பதைத் தொழிற்சட்டம் உடல்நலமெனக் காண்கின்றது. இவ்விடைவெளியில்தான் தொழிலாளி நாளாந்தம் எட்டு மணிநேரம் நிற்கின்றார். மாலையில் உடையிற் படிந்த ஈயத்தூளோடு வீடு சென்று பிள்ளையைத் தூக்குகின்றார். இதற்கும் ‘விபத்து’ எனப் பெயரிட இயலுமா? இது எண் குறித்து, திகதி குறித்து, வர்த்தமானியில் வெளியிட்டு அனுமதிக்கப்பட்ட காயமாகும்.

எஞ்சியிருப்பது எதிரிகளின் வாதமன்று, நண்பர்களின் வாதம். கொலைக்கருவி செய்வோருக்காக இரங்குவதேன், அவர்களின் பாதுகாப்பைப் பேசுவது அத்தொழிலை நிலைபெறச் செய்வதாகாதா எனச் சமாதான விரும்பிகள் வினவுவர். பல்கலைக்கழக விரிவுரை மண்டபங்களில் இவ்வாதத்துக்குக் கைதட்டல் கிடைக்கும். ஆனால் இது கருவியின் குற்றத்தை அதனைக் கடைந்த கைமீது சுமத்துகின்றது. இரண்டாம் உலகப்போரில், லீப்சிக் நகரின் விளக்குக் கம்பனியாகத் தொடங்கிய ஹாசாக் நிறுவனம் போலந்தின் ஸ்கார்சிஸ்கோ-கமியென்னாவில் நடத்திய படைக்கலத் தொழிற்சாலையின் ‘சி’ பிரிவில், யூதக் கைதிகள் பாதுகாப்பு ஏதுமின்றிப் பிக்ரிக் அமிலம் நிரப்பினர். அவர்களும் மஞ்சளாயினர், பலர் சில மாதங்களுக்குள் மாண்டனர். தம்மையும் தம் இனத்தையும் அழிக்கும் படைக்கே அவர்கள் வெடிமருந்து நிரப்ப நேர்ந்தது. அவர்களும் குற்றவாளிகளா? அடிமையின் நிலையும் கூலியாளின் நிலையும் ஒன்றல்ல. எனினும் என்ன செய்வது, யாருக்குச் செய்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை இருவர்க்கும் இருக்கவில்லை.

அவ்வுரிமையைக் கோரியோரும் உண்டு. பிரித்தானியாவின் லூக்காஸ் விமான உறுப்புக் கம்பனி பெருமளவு படைத்துறைக்கே உற்பத்தி செய்தது. ஆட்குறைப்பு நெருங்கியபோது அதன் தொழிற்சங்கப் பிரதிநிதிகள் 1976 சனவரியில் ஒரு மாற்றுத் திட்டத்தை முன்வைத்தனர். ஆயுத உறுப்புகளுக்குப் பதிலாகச் சமூகத்துக்குப் பயன்படும் 150 அளவான பொருட்களை அதே இயந்திரங்களாலும் அதே கைத்திறனாலும் செய்யலாம் எனத் தொழில்நுட்ப விபரங்களோடு அவர்கள் காட்டினர். சிறுநீரகக் குருதி சுத்திகரிப்பு இயந்திரமும் வெப்பப் பம்பியும் அவற்றுட் சில. ஆயுதம் செய்வோர் ஆயுதத்தையே விரும்புவர் என்போருக்கு இதனினும் தெளிவான மறுமொழி இல்லை. நிருவாகம் அத்திட்டத்தை நிராகரித்தது. வளியோட்டக் குழாய் எங்கே அமையவேண்டும் என்பதைக் கேட்க மறுத்த அதே அதிகாரமே, துப்பாக்கிக்குப் பதிலாக எதனைச் செய்யலாம் என்பதையும் கேட்க மறுத்தது.